சூப்பர் ஹீரோ படங்களில் டைம் டிராவல்: தலைசுற்றாமல் பார்க்க ஒரு வழிகாட்டி

"மாமா, 2014 நெபுலாவைச் சுட்டுட்டாங்க. அப்போ 2023 நெபுலா எப்படி மாமா உயிரோட இருக்கா?"

மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படம் முடிந்ததும், அதில் வரும் நெபுலா என்ற பாத்திரத்தைப் பற்றி அக்கா மகன் கேட்ட கேள்வி இது. நான்தான் அவனுக்கு எல்லாம் தெரிந்த மாமா. "அது வந்துடா..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாளே இணையத்தில் ஒரு பட்டியலைப் பிடித்து, கதை நடக்கும் ஆண்டு வரிசைப்படி மார்வெல் படங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இரண்டு முறை பாதியில் கைவிட்டு, மூன்றாவது முறைதான் கரை சேர்ந்தேன். நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. சில முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முடிவு தெரியவே கூடாது என்பவர்கள் 1, 3, 4 ஆகிய படிகளை மட்டும் படியுங்கள். அவற்றிலும் ஒன்றிரண்டு கசிவுகள் உண்டு, பெரிய சேதம் இருக்காது.

1. முதலில் ஒரு தாள், ஒரு பென்சில்

சிரிக்காதீர்கள். இது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தாளில் நான்கு கட்டங்கள் போதும்: படம் வெளியான ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு, யார் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குப் போனார், திரும்பி வந்தபோது என்ன மாறியிருந்தது.

முதல் இரண்டு கட்டங்களும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. 2018-ல் வந்த இன்ஃபினிட்டி வார் 2018-லேயே நடக்கிறது. 2019-ல் வந்த எண்ட்கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஐந்து ஆண்டுகள் தாண்டி 2023-க்குப் போய்விடுகிறது. அதனால் அதற்கடுத்து அதே 2019-ல் வந்த ஸ்பைடர்மேன் படம் 2024-ல் நடக்கிறது. இந்த ஐந்து ஆண்டு இடைவெளியைக் குறித்துக்கொள்ளாமல் விட்டதில் எனக்கு ஒரு வாரம் வீணானது.

நான்காவது கட்டத்தைப் படம் பார்க்கும்போது நிரப்பாதீர்கள். முடிந்த பிறகு நிரப்புங்கள். நடுவில் எழுத உட்கார்ந்தால் காட்சி போய்விடும். ஆண்டு எழுத்துகள் திரையில் இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். அதற்கு மட்டும் நிறுத்திப் பார்க்கலாம், தப்பில்லை.

பேனா வேண்டாம், பென்சில்தான். காரணம் கடைசிப் படியில்.

2. இந்தப் படத்தில் எந்த விதி?

மொத்தக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. "டைம் டிராவல்" என்று ஒரே பெயரைச் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு படமும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு படத்தின் விதியை இன்னொன்றில் போட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கும். சதுரங்கப் பலகையில் கேரம் ஆடுவது மாதிரி.

முதல் வகை, அழித்து எழுதுவது. கடந்த காலத்தில் கை வைத்தால் நிகழ்காலம் மாறிவிடும், பழையது இல்லாமலே போய்விடும். 1978-ல் வந்த சூப்பர்மேன் படத்தில் அவர் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தைத் திருப்பி, இறந்த காதலி லோயிஸைக் காப்பாற்றுகிறாரே, அது இந்த வகை. எக்ஸ்-மென் படங்களும் இதே வகைதான்.

இரண்டாவது, கிளை பிரிவது. நீங்கள் கடந்த காலத்துக்குப் போய் எதைச் செய்தாலும் உங்கள் சொந்த நிகழ்காலம் அசையாது. நீங்கள் கை வைத்த இடத்திலிருந்து புதிதாக ஒரு கிளை முளைத்து வேறு பக்கம் போகும். எண்ட்கேம் இந்த வகை. படத்திலேயே ஹல்க்காக மாறும் விஞ்ஞானி பேனர் இதைச் சொல்கிறார்: நீ கடந்த காலத்துக்குப் போனால் அதுதான் உனக்கு எதிர்காலம், நீ விட்டுவந்த நிகழ்காலம் உனக்குக் கடந்த காலம். நான் முதல் தடவை அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். வசனம் நகைச்சுவையாக வருவதால் விதி காதில் விழவில்லை. அந்தக் காட்சியை இரண்டு முறை கேளுங்கள்.

மூன்றாவது, பக்கத்து உலகம். இது டைம் டிராவலே இல்லை. ஏற்கெனவே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு உலகத்துக்குள் நுழைவது. ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம் (2021) இதற்கு நல்ல உதாரணம். கிளையையும் பக்கத்து உலகத்தையும் ஒன்றாகக் குழப்புவதுதான் அதிகம் நடக்கிறது. கிளைக்கு ஒரு பிரிந்த நாள் இருக்கும், அதைத் தாளில் எழுத முடியும். பக்கத்து உலகத்துக்கு அப்படி எழுத வேண்டியதில்லை.

இவை தவிர, ஒரே துண்டு நேரம் மறுபடி மறுபடி ஓடும் சுழலும் உண்டு. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் (2016) கிளைமாக்ஸில் வில்லன் டார்மாமு மாட்டிக்கொள்வது அதில்தான். இதில் குழப்பம் இல்லை, ரசித்துவிட்டு நகரலாம்.

விதியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: படத்தில் யாராவது தன் இளைய வடிவத்தைக் கொன்றால் அல்லது தடுத்தால் மூத்தவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மறைந்தால் அழித்து எழுதும் விதி. அப்படியே நின்றால் கிளை விதி. 2023 நெபுலா 2014-லிருந்து வந்த தன்னையே சுடுகிறாள், மறையவில்லை. ஆக, அந்த 2014 இவளுடைய கடந்த காலமே இல்லை, கிளை. அக்கா மகனுக்கான பதில் இவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

3. வெளியான வரிசையில் பாருங்கள், கதை ஆண்டு வரிசையில் வேண்டாம்

இணையத்தில் கிடைக்கும் "சரியான கால வரிசை" பட்டியல்கள் ஏற்கெனவே எல்லாம் பார்த்தவர்களுக்கானவை. புதிதாக வருபவர் அவற்றைத் தொட்டால் மாட்டிக்கொள்வார்.

நான் மாட்டிய இடத்தைச் சொல்கிறேன். கால வரிசைப்படி 1940-களில் நடக்கும் கேப்டன் அமெரிக்கா (2011) முதல் படம். சரி. அடுத்தது 1995-ல் நடக்கும் கேப்டன் மார்வெல் (2019). படம் நன்றாகத்தான் போனது. முடிந்து எழுத்துகள் ஓடும்போது நடுவில் ஒரு துண்டுக் காட்சி. அவெஞ்சர்ஸ் குழுவினர் சோகமாக ஒரு பேஜரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரைத் தொலைத்தோம் என்று கணக்கெடுக்கிறார்கள். அது இன்ஃபினிட்டி வாருக்குப் பிந்தைய காட்சி! இரண்டாவது படத்திலேயே பத்தொன்பதாவது படத்தின் இழவு வீட்டுக்குள் போய்விட்டேன்.

பிளாக் விடோ (2021) இதைவிட மோசம். கதைப்படி அது 2016-ல் வந்த சிவில் வாருக்கு அடுத்து வருகிறது. அங்கே வைத்துப் பார்த்தால் கடைசித் துண்டுக் காட்சியில் ஒரு கல்லறை வரும். யாருடையது என்று இங்கே சொல்லப் போவதில்லை.

வெளியான வரிசை அழகாக இருக்காது, முன்னும் பின்னும் குதிக்கும். ஆனால் எடுத்தவர்கள் நம்மை மனதில் வைத்து எடுத்த வரிசை அதுதான்.

4. எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

அயர்ன் மேன் (2008) முதல் எண்ட்கேம் வரை 22 படங்கள். ஓடும் நேரத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 48 மணி நேரம், அதாவது தூங்காமல் இரண்டு நாள். டைம் டிராவல் மட்டும் புரிந்தால் போதும் என்றால் பாதியில் முடிக்கலாம். நான் கடைசியில் வந்து நின்ற பட்டியல் இது:

அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர், தி அவெஞ்சர்ஸ் (2012), தோர்: தி டார்க் வேர்ல்ட், கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி, ஆன்ட்-மேன், சிவில் வார், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், இன்ஃபினிட்டி வார், ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப், எண்ட்கேம்.

பதினொரு படம், சுமார் 24 மணி நேரம். டார்க் வேர்ல்டைப் பலரும் தள்ளிவிடச் சொல்வார்கள். படமாக எனக்கும் பிடிக்காது. ஆனால் எண்ட்கேமில் தோர் திரும்பிப் போகும் 2013 அந்தப் படம்தான், அவருடைய அம்மா காட்சி அங்கிருந்துதான் கனம் பெறுகிறது. பார்த்துவிடுங்கள். ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப்பின் துண்டுக் காட்சியையும் விடாதீர்கள். ஆன்ட்-மேனான ஸ்காட் எங்கே மாட்டினார் என்பதிலிருந்துதான் எண்ட்கேமின் மொத்தத் திட்டமும் கிளம்புகிறது.

எக்ஸ்-மென் பக்கம் ஆறு படம், 12 மணி நேரம் சொச்சம்: எக்ஸ்-மென் (2000), எக்ஸ்2 (2003), தி லாஸ்ட் ஸ்டாண்ட் (2006), ஃபர்ஸ்ட் கிளாஸ் (2011), தி வுல்வரின் (2013), டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட் (2014).

வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரே ஞாயிற்றுக்கிழமை நாலு படம் பார்த்தேன் ஒரு தடவை, திங்கட்கிழமை தாளில் எழுதியிருந்தது எனக்கே புரியவில்லை.

பணச் செலவில் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் படங்களின் உரிமை ஒரே இடத்தில் இல்லை. எக்ஸ்-மென் படங்களை எடுத்த ஃபாக்ஸை 2019-ல் டிஸ்னி வாங்கிவிட்டதால் அவையும் மார்வெல் படங்களும் இப்போது ஒரே முதலாளியிடம். ஸ்பைடர்மேன் படங்களின் உரிமை சோனியிடம். சூப்பர்மேன், பேட்மேன் வரும் டி.சி. படங்கள் வார்னரிடம். எது எந்தச் சேவையில் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். ஆகவே வருடச் சந்தா கட்டாதீர்கள். ஒரு மாதச் சந்தா எடுத்து அந்தத் தரப்பை முடித்துவிட்டு, அடுத்த மாதம் அடுத்த சேவைக்குப் போங்கள். நான் மூன்றையும் ஒரே நாளில் கட்டிவிட்டு இரண்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்தேன்.

5. எக்ஸ்-மென்: எது அழிந்தது, எது பிழைத்தது

கிளை விதியைவிட அழிக்கும் விதி எளிது, அதனால் இங்கே தொடங்குங்கள்.

டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்டில் 2023-ல் உலகம் நாசமாகிக் கிடக்கிறது. சென்டினல் இயந்திரங்கள் எல்லோரையும் வேட்டையாடுகின்றன. வுல்வரினின் உணர்வை மட்டும் 1973-ல் இருக்கும் அவருடைய உடலுக்கு அனுப்புகிறார்கள். உடல் போகவில்லை என்பதை அடிக்கோடிடுங்கள். உருமாறும் சக்தி கொண்ட மிஸ்டிக், சென்டினல்களை உருவாக்கிய டிராஸ்க்கைக் கொல்லாமல் தடுத்தால் சென்டினல்கள் அந்த வடிவத்தில் வரமாட்டா. தடுக்கிறார்கள். வுல்வரின் 2023-ல் கண் விழிக்கிறார், லாஸ்ட் ஸ்டாண்டில் இறந்த ஜீனும் ஸ்காட்டும் (ஆன்ட்-மேன் ஸ்காட் அல்ல) பள்ளியில் உயிரோடு நடமாடுகிறார்கள்.

இப்போது தாளில் 1973 என்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன் நடந்தது பிழைத்தது. 1962-ல் நடக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் பத்திரம். அதற்குப் பின் நடந்த முதல் மூன்று படங்களும் அழிந்தன. "அழிந்ததை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். ஏனென்றால் வுல்வரினுக்கு அது நினைவிருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை. அந்தப் பள்ளி வராந்தாவில் அவர் முகம் போகிற போக்கைப் புரிந்துகொள்ள அந்த மூன்று படங்களும் வேண்டும்.

பிறகு வருபவை 1983-ல் நடக்கும் அபோகலிப்ஸ் (2016), 1992-ல் நடக்கும் டார்க் ஃபீனிக்ஸ் (2019). இரண்டும் கோட்டுக்குப் பிந்திய புதிய வரலாறு. லாஸ்ட் ஸ்டாண்டில் பார்த்த ஜீன் கதையையே டார்க் ஃபீனிக்ஸ் வேறு மாதிரி சொல்வது அதனால்தான், மறந்துபோய்த் திரும்ப எடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். லோகன் (2017) 2029-ல் நடக்கிறது. அதைத் தனிப்படமாகவே பாருங்கள். எந்த வரியிலும் ஒட்ட முயலாதீர்கள், நல்ல படத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

எச்சரிக்கை: இந்தத் தொடரில் ஓட்டைகள் அதிகம். தி வுல்வரின் முடிவில் அவருடைய உலோக நகங்கள் வெட்டப்படுகின்றன. அடுத்த படத்தின் எதிர்காலத்தில் அவை திரும்ப இருக்கின்றன, விளக்கம் கிடையாது. 1973-ன் முடிவில் ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் வேடத்தில் இருக்கும் மிஸ்டிக்தான் வுல்வரினை நீரிலிருந்து எடுத்துப் போகிறாள். 1983-ல் பார்த்தால் அவர் உண்மையான ஸ்ட்ரைக்கரின் கூண்டில் கிடக்கிறார். எப்படி? சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு மேலே போங்கள்.

6. எண்ட்கேம்: ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி

வில்லன் தானோஸ் சொடக்குப் போட்டுப் பாதி உயிர்களை அழித்தது இன்ஃபினிட்டி கற்களை வைத்து. அந்தக் கற்களைக் கடந்த காலத்திலிருந்து எடுத்துவர, கால ஓட்டை வழியாக அவெஞ்சர்ஸ் குழு போகும் இடங்களை எழுதுங்கள். 2012 நியூயார்க், 2013 ஆஸ்கார்ட், 2014 மோராக் மற்றும் வோர்மிர், இடையில் திட்டத்தில் இல்லாத 1970. இதில் 2012-ஐ மட்டும் பொறுமையாகப் பிரித்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கட்டடத்தின் கீழ்த்தளம். 2012 டோனி (அயர்ன் மேன்) நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், கல் இருக்கும் பெட்டி கைவிட்டுப் போகிறது, 2023 டோனி அதை எடுத்துக்கொண்டு நழுவுகிறார். இந்த நேரத்தில் படிக்கட்டுக் கதவை உடைத்துக்கொண்டு ஹல்க் வருகிறார். லிஃப்டில் ஏறக்கூடாது என்று அவரை இறங்கி நடக்க வைத்துவிட்டார்கள், அந்தக் கோபம். கதவு டோனி மேல் மோத, பெட்டி திறந்து கல்லை உள்ளே கொண்ட நீலக் கனசதுரம் வழுக்கிக்கொண்டு போய் ஒரு காலடியில் நிற்கிறது. தோரின் தம்பி, பிடிபட்ட வில்லன் லோகியின் கால். கைவிலங்கோடு குனிந்து எடுக்கிறார், மறைகிறார்.

இங்கே நிறுத்துங்கள். நாம் 2012 படத்தில் பார்த்த வரலாற்றில் லோகியைத் தோர் ஆஸ்கார்டுக்குக் கொண்டுபோனார். இங்கே கொண்டுபோகவில்லை. ஆக, இந்த விநாடியில் ஒரு கிளை பிறந்துவிட்டது. ஆனால் 2023-ல் ஏதும் மாறவில்லை. இன்ஃபினிட்டி வாரில் தானோஸ் கையில் இறந்த லோகி இறந்தவர்தான். தப்பியவர் வேறு ஆள், வேறு வரி. கனசதுரம் போனதால்தான் டோனியும் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவும் 1970-க்கு ஓடுகிறார்கள். காலம் தாண்டத் தேவையான, கையில் இருந்த பிம் துகள்கள் ஆளுக்கு ஒரு போக்குவரத்துக்கு மட்டும் என்பதால் அதையும் அங்கேயே எடுக்க வேண்டியதாகிறது.

கற்களைத் திரும்ப வைத்தால் எல்லாக் கிளைகளும் மூடிவிடும் என்று நினைப்பது அடுத்த பொறி. கல்லை எடுத்ததால் வரும் ஆபத்துதான் தீரும். லோகி ஓடியது ஓடியதுதான். 2014-லிருந்து தானோஸ் படையோடு கிளம்பி 2023-ல் தூசியாகிவிட்டதால், அந்த 2014 கிளையில் சொடக்குப் போட ஆளே இல்லை. அங்கிருந்து வந்த நெபுலாவின் சகோதரி கமோரா நமக்குத் தெரிந்த கமோரா அல்ல, அதனால்தான் அவளுக்கு நம் கமோராவின் காதலன் குவில் யாரென்றே தெரியவில்லை.

7. எண்ட்கேமுக்குப் பிறகு

உடனே லோகி தொடரின் (2021) முதல் பகுதியைப் பாருங்கள், இடையில் வேறு எதுவும் வேண்டாம். அந்தக் கனசதுரக் காட்சியிலிருந்தே தொடங்குகிறது. கிளைகளை வெட்டும் அலுவலகம் ஒன்று வருகிறது, டி.வி.ஏ. அங்கே ஒரு மேசை இழுப்பறையில் இன்ஃபினிட்டி கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஊழியர்கள் சிலர் அவற்றைக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்களாம். 22 படம் எதற்காக அடித்துக்கொண்டார்களோ அது. எனக்கு அந்தக் காட்சிக்காகவே மொத்தமும் தகும். ஒவ்வொரு பருவமும் ஆறு பகுதிகள். முதல் பருவம் முடியும்போது கிளைகளை வெட்டுவது நின்று, பெருக ஆரம்பிக்கும்.

நோ வே ஹோமுக்கு முன்னால் பழைய ஸ்பைடர்மேன் படங்கள் ஐந்தும் (2002, 2004, 2007, 2012, 2014) பார்த்திருந்தால் நல்லது. நேரமில்லையென்றால் 2002, 2004, 2014 ஆகிய மூன்றையாவது பாருங்கள். டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸில் (2022) உலகங்களுக்கு எண் வருகிறது: நம் கதை நடப்பது 616, அவர்கள் போய் விழுவது 838. டெட்பூல் & வுல்வரினை (2024) கடைசிக்கு வையுங்கள். டி.வி.ஏ., லோகன், ஃபாக்ஸ் காலத்துப் படங்கள் எல்லாம் தெரிந்திருந்தால்தான் பாதிக் கிண்டல் புரியும்.

8. டி.சி.: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

இங்கே விதியைவிடப் பதிப்புதான் தொல்லை. ஜஸ்டிஸ் லீக் 2017-ல் இரண்டு மணி நேரப் படமாக வந்தது. 2021-ல் ஸாக் ஸ்னைடரின் பதிப்பு 242 நிமிடம். ஃபிளாஷ் காலத்தைத் திருப்பும் காட்சி நீளமான இரண்டாவதில்தான் இருக்கிறது. படத்தைப் போடுமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள்.

தி ஃபிளாஷ் (2023) பார்க்க மேன் ஆஃப் ஸ்டீல் (2013) கட்டாயம், 1989 பேட்மேன் இருந்தால் சிறப்பு. இதன் விதி வினோதமானது. கடந்த காலத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவது மட்டுமல்ல, முன்னால் நடந்ததும் மாறும். அதை ப்ரூஸ் வெய்ன் (பேட்மேன்) ஸ்பகெட்டியை வைத்து விளக்குகிறார். படத்தில் கவனிக்க வேண்டிய பொருள் ஒரு தக்காளி டப்பா. ஃபிளாஷான பாரி அதைக் கடையில் அம்மாவின் கூடையில் போட்டதால் அம்மா பிழைக்கிறார், உலகம் கெடுகிறது. கடைசியில் அதைத் திரும்ப எடுத்துவிடுகிறான், ஆனால் டப்பாக்களை மேல் தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போகிறான். அந்தச் சின்னத் திருட்டுத்தனத்துக்கான விலை, படம் முடியும்போது காரிலிருந்து இறங்குபவர் முகத்தில் தெரியும்.

2019 ஜோக்கர், 2022 பேட்மேன் இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. தாளில் எழுத வேண்டாம்.

9. பென்சில் ஏன்

எடுத்தவர்களே தப்பு விடுகிறார்கள். ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங் (2017) 2012 நியூயார்க் சண்டையை ஒட்டித் தொடங்கி, "8 ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்துப் போடுகிறது. கூட்டினால் 2020. ஆனால் கதை நடப்பது சிவில் வார் முடிந்த சில மாதங்களில். 2020-ல் நடந்தால் 2018 சொடக்கு எங்கே போனது? அந்த எழுத்தை நம்பித் தாள் முழுவதையும் அழித்து எழுதினேன் ஒரு இரவு. அதை அடித்துவிடுங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு கட்டத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. எண்ட்கேம் முடிவில் ஸ்டீவ் கற்களைத் திருப்பி வைக்கப் போய், கிழவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வாழ்நாள் முழுக்க எங்கே இருந்தார்? இயக்கிய ரூஸோ சகோதரர்கள் வேறொரு கிளையில் என்கிறார்கள். திரைக்கதை எழுதிய இருவரும் இதே உலகத்தில், நம் கண்ணில் படாமல் என்கிறார்கள். அக்கா மகன் எழுதியவர்கள் பக்கம். அவன் வந்தால் அழித்து இங்கே என்று எழுதுவான், அவன் போனதும் நான் கிளை என்று மாற்றுவேன். அந்த இடத்தில் தாள் கிழிய ஆரம்பித்துவிட்டது.